லாரி வந்தால்

ராத்திரி ஒன்று நாற்பதுக்கு
கொருக்குப்பேட்டையில் மூன்று தெருவிலும்
இருநூற்றுப் பன்னிரண்டு போன்கள் அலறின.
நான்காம் நம்பர் லாரி வந்துவிட்டது
என்றது நான் எழுதிய ஆப்.
பச்சைக் குடம், நீலக் குடம், பெயின்ட் வாளி,
யாரோ தூக்கி வந்த பிரியாணி அண்டா.
நைட்டிமேல் துண்டைப் போட்டபடி
முதல் ஆளாய் வந்து நின்றார் தேசம்மா.
லாரி இல்லை.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது,
நிலக்கரியோடு.

"நான் யாரையும் எழுப்பலக்கா" என்றான் டெல்பின்,
காலையில், காசிமேட்டு மொட்டைமாடியிலிருந்து.
"நாலாவது தெருவைச் சேர்த்தேன், அவ்ளோதான்."
சேர்த்த வரியைக் காட்டினான்.
ஆன்லாரி. அடைப்புக்குள் ஒரு 4.

அந்தப் பெயர் நான் வைத்தது.
மூன்று மாதம் முன், ஒரு டீ ஆறுவதற்குள்.
வைத்தபோது அதற்கு அர்த்தம்:
இந்த நம்பர் லாரி வந்தாயிற்று, எல்லோரையும் எழுப்பு.
அவன் படித்தபோது அதற்கு அர்த்தம்:
லாரி வந்தால் இந்தத் தெருவுக்கும் சொல்.
ஒன்று மணியை அடிப்பது.
மற்றது மணியில் கயிறு கட்டுவது.
எண் என்றால் எண்தானே என்று
கம்பைலர் தலையாட்டிவிட்டது.

வேறு பெயர் தேடினோம்.
சப்ஸ்கிரைப் என்றான். எனக்குச் சந்தா ஞாபகம் வந்தது,
மாதம் பிறந்ததும் கதவைத் தட்டும் கேபிள்காரரும்.
ஹூக் என்றேன். சிரித்தான்,
அவன் வீட்டில் அது மீன் வாயில் இருக்கும்.
ஆட்லிசனர், கேட்பவரைச் சேர்.
தமிழில் சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்டேன்.
கேட்பவர் என்றால் காது கொடுப்பவரா
கை நீட்டுபவரா?
தண்ணீர் விஷயத்தில், எங்கள் பக்கம்,
இரண்டும் ஒரே ஆள்.

சாயங்காலம் தேசம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.
திட்டி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.
கடைசியில் சொன்னார்:
"உன் ஆப்ப நம்பியா உக்காந்துனு இருக்கோம்?
டிரைவர் கையூம் பாய்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.
கேட்டு தாண்டுனதும் மிஸ்டு கால் வரும்."

சொல்லி வெச்சிருக்கேன்.
வெறுமனே சொல்லவில்லை. சொல்லி, வைத்திருக்கிறார்.
இன்னும் வராத ஒன்றுக்காக
ஒரு வார்த்தையை இப்போதே
இன்னொருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு
பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.
அந்தச் சின்ன 'வை' இல்லாமல்தான்
மூன்று தெரு முழித்துக்கொண்டது.

அன்றிரவு பெயரை இரண்டாகப் பிளந்தேன்.
லாரி வந்தது: நடந்ததைச் சொல்ல மட்டும்.
அதைப் பூட்டிவிட்டேன்,
லாரியைத் தவிர வேறு யாரும் கூப்பிட முடியாது.
வந்தால் சொல்லிவை: தெருவைச் சேர்க்க.
ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடித்தேன். பதினாறு எழுத்து.
"பெங்களூர் டீம்ல என்னக்கா சொல்வாங்க?"
என்னவென்று ஒருதரம் கேட்பார்கள்.
கேட்டால் நல்லது.
ஆன்லாரியை யாருமே கேட்கவில்லை.

மிச்சம் ஒன்று இருந்தது, நிறுத்துவதற்கு.
ஆஃப்லாரி என்று டெல்பின் எழுதியிருந்தான்.
லாரியை அணைப்பதா? அழித்தேன்.
இனிச் சொல்லாதே என்று வைத்தேன்.
சேர்த்தவரை எடுக்காமல் விட்டால்
நினைவகம் கசியும் என்பது பாடம்.
பட்டியலில் ஒருவர் இருந்தார், நூருன்னிசா,
ரெண்டாவது தெரு, வீடு இடித்தபின் பெரும்பாக்கம்,
எட்டாவது மாடி.
கொருக்குப்பேட்டைக்கு லாரி வரும்போதெல்லாம்
அங்கே அவர் போன் அடிக்கிறது.

எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
"நேத்து ராத்திரி வரலையாமே" என்றார்.
ஆமாம், என் தப்பு என்றேன்.
"இன்னிக்கு?"
இன்னும் இல்லை.
"சரி, வந்தா தெரியும்ல" என்று வைத்துவிட்டார்.

கர்சர் அந்த வரியில் துடித்துக்கொண்டிருக்கிறது.
கேட் திறக்கிற சத்தம்.